எண்களுக்கு ஒரு முகம்

கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவதை எளிதாக்கியவர்கள், அழகாக்கியவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு. அவர்கள் செய்தது வெறும் அலங்கார வேலை என்று நினைப்பவர்கள் ஹடப்சரிலிருந்து தொடங்குவது நல்லது.

புனேயிலிருந்து சோலாப்பூர் போகும் சாலையில் இருக்கும் ஹடப்சர், ஒரு தலைமுறைக்கு முன்புவரை கரும்பு விளைந்த பூமி. இன்று அங்கே இருப்பது மகர்பட்டா நகரம். சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கருக்கும் மேற்பட்ட தங்கள் நிலத்தை யாருக்கும் விற்காமல், ஒன்றாகச் சேர்த்து, தாங்களே பங்குதாரர்களாகி எழுப்பிய நகரம் அது. கரும்பு நின்ற இடத்தில் கண்ணாடிக் கட்டிடங்கள் நிற்கின்றன. உள்ளே, மதுரை, கோவை உட்பட நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த இளைஞர்கள் திரையை வெறித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வெறிப்பது பெரும்பாலும் எண்களை. வங்கியின் எண்கள், ஆலையின் எண்கள், மருத்துவமனையின் எண்கள்.

ஹடப்சருக்கு இன்னொரு முகவரியும் உண்டு. 1966இல் தொடங்கப்பட்ட சீரம் இன்ஸ்டிட்யூட் இங்கேதான் இருக்கிறது. எண்ணிக்கையில் உலகிலேயே அதிகத் தடுப்பூசிகளைத் தயாரிக்கும் நிறுவனம். 2021 ஜனவரி 12ஆம் தேதி பொழுது விடிவதற்குள் கோவிஷீல்டு தடுப்பூசியை ஏற்றிக்கொண்டு முதல் லாரிகள் கிளம்பியது இந்த வளாகத்திலிருந்துதான். நான்கு நாள் கழித்து நாடு முழுவதும் ஊசி போடுவது தொடங்கியது.

அந்த மருந்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆலையை விட்டுக் கிளம்பியதிலிருந்து கையில் ஏறும்வரை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மேலே போனால் வீரியம் குறையும். உறைந்துபோனாலும் வீண். ஆகவே இப்படிப்பட்ட தடுப்பூசிகள் இருக்கும் குளிர்பெட்டிகளில் வெப்பநிலையை அளந்து பதிவு செய்யும் கருவிகளைப் பொருத்துகிறார்கள். ஒரு கருவி 10 நிமிடத்துக்கு ஒரு முறை அளப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 144 எண்கள். ஒரு மாதத்தில் 4,320. இது ஒரே ஒரு பெட்டியின் கணக்கு.

அந்த 4,320 எண்களையும் வரிசையாக அச்சிட்டு மேஜையில் வைத்தால் யார் படிப்பார்கள்? 8 டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்கும்படி புரோகிராம் எழுதிவிடலாம். எழுதத்தான் செய்கிறார்கள். ஆனால் பெட்டி எட்டைத் தாண்டவில்லை, தினமும் பிற்பகலில் மட்டும் ஏழு வரை ஏறி இறங்குகிறது, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடுதலாக ஏறுகிறது என்றால் எந்த மணியும் அடிக்காது. எண்களின் பட்டியலில் இந்தச் சங்கதி கேழ்வரகு மூட்டையில் விழுந்த கடுகு மாதிரி கிடக்கும். அதே எண்களைக் கோடாக வரைந்தால் போதும். பள்ளிக்கூடம் போன யாரும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள், இந்தப் பெட்டி சரியில்லை என்று.

கோடாக வரையும் யோசனை பழையது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786இல் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து புத்தகமாகப் போட்டார். 1801இல் வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டும் படத்தையும் அவரே அறிமுகப்படுத்தினார். நம்மூரில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதிய எவருக்கும் கட்டம் போட்ட கிராஃப் தாள் நினைவிருக்கும். 'அளவுத்திட்டம்' எழுத மறந்து மதிப்பெண்ணைக் கோட்டை விட்டதும் நினைவிருக்கும். ஐந்து புள்ளி வைத்து ஒரு கோடு இழுக்கவே அரை மணி நேரம் ஆனது. 4,320 புள்ளிக்கு?

கம்ப்யூட்டர் வந்ததும் இந்தச் சிரமம் தீர்ந்திருக்க வேண்டும். உடனே தீரவில்லை. திரையில் ஒரு கோடு இழுக்க, அது எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், அச்சில் எண்களை எங்கே எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றையும் புரோகிராமரே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர்கள் வந்தன. அவற்றுக்கு விலை இருந்தது.

அந்த விலைதான் ஜான் ஹன்டர் கதையின் ஆரம்பம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் ஹன்டர். காக்காய் வலிப்பு நோயாளிகளின் மூளையில் ஓடும் மின்னலைகளைப் பதிவு செய்து, அவற்றைத் திரையில் போட்டுப் பார்ப்பது அவரது வேலை. அதற்கான சாஃப்ட்வேரை உபயோகிக்க ஆய்வுக்கூடத்தில் இருந்தது ஒரே ஓர் உரிமம். மாணவர்களும் மருத்துவர்களும் அதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊர்க் குழாயில் குடம் வைத்துக் காத்திருப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ஹன்டர் பைதான் மொழியில் தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். 2003இல் வெளியிட்டார். பெயர் மேட்பிளாட்லிப். விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் அப்போது அதிகம் பழகியிருந்தது மேட்லேப் என்ற விலையுள்ள சாஃப்ட்வேர். அதன் கட்டளைகளையே ஹன்டர் தன் படைப்புக்கும் வைத்தார். புதிதாக எதையும் கற்க வேண்டாம். எண்களின் பட்டியலைக் கொடுத்து 'பிளாட்' என்று ஒரு வார்த்தை, பிறகு 'ஷோ' என்று ஒரு வார்த்தை. அச்சுகள், அளவுத்திட்டம், எண்கள் எல்லாம் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அளவுத்திட்டம் எழுத மறந்தாலும் மதிப்பெண் போகாது.

முக்கியமான விஷயம், அவர் அதற்குக் காசு கேட்கவில்லை. உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், இலவசமாக உபயோகிக்கலாம். 2008 மே மாதம் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது தகவல்களைத் திரையில் காட்ட இதைத்தான் உபயோகித்தார்கள். 2019 ஏப்ரல் 10ஆம் தேதி உலகம் முதல் முறையாகப் பார்த்த கருந்துளையின் படத்தைத் தயாரித்த பணியிலும் இதற்குப் பங்குண்டு. அந்தப் படத்தைப் பார்க்க ஹன்டர் இல்லை. 2012 ஆகஸ்ட் 28 அன்று, புற்றுநோய்ச் சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கல்களால், 44 வயதில் இறந்துபோனார். அவருக்கு மூன்று மகள்கள். அவர்கள் படிப்புக்காக நிதி திரட்டியபோது உலகெங்கும் இருந்து பணம் அனுப்பியவர்களில் பலர் அவரை நேரில் பார்த்திராதவர்கள். அவர் கொடுத்ததில் தினமும் வேலை பார்த்தவர்கள்.

அமெரிக்காவில் மட்டும் நடந்த கதை அல்ல இது. ஏறக்குறைய அதே நேரத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில், விமானப் பொறியியல் ஆராய்ச்சி மாணவரான பிரபு ராமச்சந்திரன் இன்னும் கடினமான ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். இறக்கையைச் சுற்றி ஓடும் காற்றைத் தாளில் ஒரு கோடாக வரைய முடியாது. அதற்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் வேண்டும். முப்பரிமாணப் படம் வரைய வி.டி.கே. என்ற சக்தி வாய்ந்த இலவச சாஃப்ட்வேர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஓர் உருண்டையைத் திரைக்குக் கொண்டுவரவே உருவத்தைத் தருவது ஒன்று, அதை வரையத்தக்கதாக மாற்றுவது ஒன்று, மேடையில் ஏற்றுவது ஒன்று, மேடையைத் திரையில் காட்டுவது ஒன்று என்று ஒவ்வொன்றாகக் கட்டிக் கோக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பந்தல்காரர், சமையல்காரர், மேளக்காரர் எல்லோரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவதுபோல.

இந்தச் சள்ளையை மறைத்துவிட்டு, கோப்பைத் திறந்ததும் படம் தெரியும்படி அவர் எழுதிய சாஃப்ட்வேருக்கு வைத்த பெயர் மாயாவி. 2001இலேயே இந்திய ஆய்வாளர்கள் கூடிய ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பிற்பாடு வந்த வடிவத்தில் ஒரே வரியில் முப்பரிமாணப் படம் போடும் வசதியும் சேர்ந்தது. இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த தமிழர்களுக்குப் பெயர் பழக்கமானது. மாயாவி என்றால் வித்தைக்காரன் என்று உலகத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான பிரபு ராமச்சந்திரன், பைதானை இந்தியக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோகும் பணியிலும் ஈடுபட்டார்.

ஹன்டர், ராமச்சந்திரன் இருவரும் சாதித்தது எளிமை. அழகு வேறு விவகாரம். மேட்பிளாட்லிப் வரைந்த பழைய படங்களை இன்று பார்த்தால் பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடைபோல இருக்கும். அப்பட்டமான நீலம், பச்சை, சிவப்பு. இந்த இடத்தில்தான் அலங்காரத்துக்கு என்ன அவசரம் என்ற கேள்வி வருகிறது. பதில் நிறங்களில் இருக்கிறது.

வெப்பநிலை, மழை, ரத்த ஓட்டம் இவற்றை நிறங்களால் காட்டும்போது, குறைவுக்கு நீலம், கூடுதலுக்குச் சிவப்பு, நடுவே பச்சை, மஞ்சள் என்று வானவில்லை வரிசைப்படுத்துவது வழக்கம். 'ஜெட்' என்று பெயரிட்ட இந்த வரிசைதான் மேட்லேப், மேட்பிளாட்லிப் இரண்டிலும், கேட்காமலே வந்து விழும் நிறமாக இருந்தது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் மனிதக் கண்ணுக்கு வானவில் சமமான படிக்கட்டு அல்ல. மஞ்சள் துருத்திக்கொண்டு தெரியும். பச்சையில் ஒரு நீண்ட பரப்பு முழுவதும் ஒரே மாதிரி தெரியும். எண்களில் இல்லாத எல்லைக்கோடு படத்தில் தோன்றும். எண்களில் இருக்கும் வேறுபாடு படத்தில் மறையும். சிவப்பு, பச்சை பேதம் தெரியாத கண்ணுக்கு நிலைமை இன்னும் மோசம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு.

2011இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷெல் போர்கினும் சகாக்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். இதய ரத்தக் குழாய்களில் ஆபத்தான பகுதி எது என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே தகவல்தான், நிறமும் வரைந்த விதமும் மட்டும் வேறு. வானவில் நிறத்தில் பார்த்தபோது செய்த தவறுகளைவிட, கண்ணுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்த நிறங்களில் பார்த்தபோது செய்த தவறுகள் குறைவு. நோயாளி அதே நோயாளிதான். படம் மாறியதும் கண்டுபிடிப்பு மாறிவிட்டது.

அதன் பிறகுதான் அழகு என்பது கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கௌரவமான வேலையானது. 2014இல் மேட்லேப் வானவில்லைக் கைவிட்டது. 2015இல் ஸ்டெஃபான் வான் டெர் வால்ட், நத்தானியேல் ஸ்மித் இருவரும் மேட்பிளாட்லிப்புக்காகப் புதிய நிற வரிசை ஒன்றைத் தயாரித்தார்கள். கருநீலத்தில் தொடங்கி, பச்சை வழியாக, மஞ்சளில் முடியும் 'விரிடிஸ்'. படிப்படியாக ஒரே சீராக வெளிச்சம் கூடும். நிறக்குருடு உள்ளவருக்கும் புரியும். கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் வரிசை கெடாது. 2017 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து அதுவே கேட்காமல் வரும் நிறம்.

நிறத்துக்கு அப்பாலும் மாற்றங்கள் நடந்தன. புள்ளிவிவரக்காரர்களின் மொழியான ஆர் மொழிக்கு நியூசிலாந்துக்காரர் ஹாட்லி விக்கம் எழுதிய ஜிஜிபிளாட் 2, வரைபடத்துக்கும் இலக்கணம் உண்டு என்ற கொள்கையில் எழுந்தது. 'பட்டை வரை, கோடு வரை' என்று ஏவாமல், எந்த எண்ணுக்கு எந்த அச்சு, எந்த வகைக்கு எந்த நிறம் என்று சொன்னால் போதும். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். லீலண்ட் வில்கின்சன் 1999இல் எழுதிய புத்தகம்தான் அந்தக் கொள்கைக்கு மூலம். மேட்பிளாட்லிப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு அதற்கு நல்ல சட்டை போட்டுவிடும் சீபார்ன், மைக்கேல் வாஸ்கம் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளரின் கைவண்ணம். ஒரு வரி சேர்த்தால் படத்தின் தோற்றமே மாறிவிடும்.

கேட்காமல் வருவது என்ன என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வரைபடம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் நிறத்தையோ அச்சையோ தொடுவதே இல்லை. மகர்பட்டாவில் மாலை ஆறு மணிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டிய இளைஞருக்கு நிறங்களைப் பற்றி யோசிக்க நேரமில்லை. எங்கோ இருவர் உட்கார்ந்து முன்கூட்டியே யோசித்து வைத்ததுதான் அவரது அறிக்கையில் போகிறது. ஓட்டலில் 'சாப்பாடு' என்று மட்டும் சொல்கிறவருக்கு வருவதைப்போல. அதில் என்ன வைக்கலாம் என்று தீர்மானிக்கிறவரின் பொறுப்பு சாதாரணமானதல்ல.

ஆனால் எளிமையும் அழகும் சேர்ந்தால் உண்மை வந்துவிடும் என்று நினைக்க முடியாது. மறுபடியும் அந்தக் குளிர்பெட்டியைப் பார்க்கலாம். வெப்பநிலை 4.1 டிகிரிக்கும் 4.4 டிகிரிக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கிறது, எந்த ஆபத்தும் இல்லை. இந்த எண்களைக் கொடுத்தால் மேட்பிளாட்லிப் என்ன செய்யும்? 4.1ஐக் கீழேயும் 4.4ஐ மேலேயும் வைத்து, படம் முழுவதும் நிரம்பும்படி கோடு வரையும். பார்ப்பவருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். பயந்துபோய்ப் பெட்டியையே தள்ளி வைத்துவிடுவார். மாறாக, அச்சைப் பூஜ்யத்திலிருந்து 100 வரை ஒருவர் இழுத்து வைத்தால், பத்து டிகிரிக்குப் போன பெட்டிகூடச் சாதுவாகத் தரையில் படுத்திருக்கும். இரண்டு படத்திலும் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. சரியான வழி, 2 டிகிரியிலும் 8 டிகிரியிலும் குறுக்கே இரண்டு கோடுகளைப் போட்டு, நடுவே வெப்பநிலை எப்படிப் போகிறது என்று காட்டுவது. அதற்கும் ஆளுக்கொரு வரிதான் ஆகும். ஆனால் அந்த இரண்டு வரிகளைச் சாஃப்ட்வேர் தானாக எழுதாது. தடுப்பூசியைப் பற்றித் தெரிந்தவர்தான் எழுத வேண்டும்.

கோவிட் காலத்தில் நாடே இதற்குப் பயிற்சி எடுத்தது. 2020இல் தொற்றுக் கணக்கை இரண்டு விதமாக வரைந்தார்கள். ஒன்றில் 1,000, 2,000, 3,000 என்று படிகள் சமமாக ஏறும். இன்னொன்றில் 10, 100, 1,000 என்று ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. முதல் படத்தில் கோடு செங்குத்தாக ஏறி வயிற்றைக் கலக்கும். இரண்டாவதில் அதே தொற்று சாய்வாக, நிதானமாக ஏறுவதாகத் தெரியும். தொற்று எத்தனை நாளில் இரட்டிப்பாகிறது என்று அறிய இரண்டாவது படம்தான் உதவும். எத்தனை படுக்கை வேண்டும் என்று அறிய முதல் படம் வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற புரோகிராமில் ஒரு சொல் போதும். எந்தச் சொல்லை எப்போது எழுதுவது என்பதை எந்தச் சாஃப்ட்வேரும் சொல்லித் தரவில்லை.

தமிழருக்கு இதில் தனியாக ஒரு வழக்கு இருக்கிறது. வரைபடத்தின் ஓரத்தில் 'வெப்பநிலை' என்று தமிழில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தே எழுத்துள்ள சாதாரணச் சொல். இதன் முதல் எழுத்தான 'வெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் கம்ப்யூட்டரின் நினைவில் 'வ' முதலிலும் கொம்பு பிறகும்தான் இருக்கும். கடைசி எழுத்தான 'லை'யிலும் அப்படியே. திரையில் காட்டும்போது அவற்றை இடம் மாற்றி வைக்க ஒரு தனி வித்தை வேண்டும். ஆங்கிலத்துக்கு அது தேவையில்லாததால் மேட்பிளாட்லிப்பில் அதைச் சேர்க்கவில்லை. பிறந்து முதல் 20 ஆண்டுகளுக்கு அதற்கு அந்த வித்தை தெரியாமலே இருந்தது. செவ்வாயையும் கருந்துளையையும் வரைந்த சாஃப்ட்வேரில் 'வெப்பநிலை' கால் வேறு கை வேறாகக் கிடந்தது. வேறு வழிகள் இல்லாமல் இல்லை. பிரவுசரில் வரையும் பிளாட்லி போன்றவற்றில் தமிழ் ஒழுங்காக வரும், அந்த வித்தையை பிரவுசரே செய்துவிடுவதால். ஆர் மொழியிலும் சரியாக வரவைக்க வழி இருக்கிறது. ஆனால் அவற்றையெல்லாம் தேடிப் போக வேண்டும். கேட்காமல் வந்தது உடைந்த தமிழ்தான். ஆகவே பெரும்பாலோர் ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டுப் போனார்கள்.

இது மொழிப்பற்றுக்காரர்களின் மனக்குறை மட்டுமல்ல. ஹடப்சரிலிருந்து கிளம்பும் மருந்து கடைசியில் போய்ச் சேரும் இடம், தமிழ்நாட்டில் ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டி. அங்கே வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுவது வழக்கமாக இருந்துவருகிறது. 2015இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய ஈவின் திட்டத்தில், தடுப்பூசி இருப்போடு குளிர்பெட்டியின் வெப்பநிலையையும் தொலைவிலிருந்தே கண்காணிக்கும் ஏற்பாடு வந்தது. எண்கள் மேலே போகின்றன. மேலே இருப்பவர்களுக்கு நல்ல வரைபடங்கள் கிடைக்கும். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் பெட்டியின் கதவை யார் திறந்தார்கள், மின்சாரம் எப்போது போனது என்று தெரிந்த ஆள் கீழே இருக்கும் செவிலியர். கோட்டைப் பார்த்து, காரணம் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அந்தப் படம் அவர் படிக்கும் மொழியில், அவர் கண்ணுக்குப் புரியும் நிறத்தில், 2, 8 என்ற இரண்டு கோடுகளோடு அவர் கைக்கு வர வேண்டும்.

அதைச் செய்யத் தேவையானதெல்லாம் கிடைக்கிறது, அதுவும் இலவசமாக. மும்பை ஐ.ஐ.டி.யின் ஒலிவழிப் பாடத் திட்டம், கம்ப்யூட்டர் பாடங்களைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பேசிப் பதிவு செய்து தருகிறது. அதன் பைதான் வரிசையில் தொடக்கப் பாடங்களே வரைபடம் போடுவதைப் பற்றியவை. படத்தை அழகுபடுத்துவதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. தலைப்பு கொடுப்பது, அச்சுகளுக்குப் பெயர் எழுதுவது எல்லாம் அதில் வந்துவிடும்.

மகர்பட்டாவில் மாலை அறிக்கையை அனுப்பி முடித்த தமிழ் இளைஞர் ஒருவருக்கு, ஒரு சுகாதார நிலையத்தின் ஒரு மாதக் கணக்கைத் தமிழில் வரைந்துபார்க்க அரை மணி நேரம் போதும். பத்தாம் வகுப்பில் ஐந்து புள்ளிக்கு ஆன அதே அரை மணி நேரம். புள்ளிகள் மட்டும் இப்போது 4,320.